நனைந்த தரை, நரைத்த முகவாய்

களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளைக்குள் நுழைந்தால் மாநிலம் மாறிவிடும், வீடுகள் மாறாது. பாறசாலை, செறுவாரக்கோணம், உதியன்குளங்கரை, அமரவிளை என்று நெய்யாற்றின்கரை வரைக்கும் பெரிய ரோட்டை விட்டு எந்த இடவழியில் இறங்கினாலும் ஒரே காட்சிதான். பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய கான்கிரீட் வீடு, பளபளக்கும் டைல்ஸ் தரை, சுற்றிலும் தென்னை, வாழை, கொஞ்சம் ரப்பர். உள்ளே எழுபது தாண்டிய இருவர். மக்கள் துபாயிலோ ரியாத்திலோ லண்டனிலோ இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அவர்கள் அடம்பிடித்து வாங்கிய நாய் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதற்கும் இப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 12.6 சதவீதம். மாநிலங்களில் அதுதான் மிக அதிகம். அந்தக் கணக்கில் சேராத இன்னொரு முதுமையும் இந்த வீடுகளில் உண்டு. அது பகலெல்லாம் வராந்தாவில் உறங்கும், ராத்திரி எழுந்து நடக்கும், விடியும்போது படுத்த இடத்தையோ கூடத்தையோ நனைத்திருக்கும்.

"வேணும்னே செய்யுதான்" என்பதுதான் முதலில் வரும் பேச்சு. பத்து வருஷம் ஒரு சொட்டு வீட்டுக்குள் விடாத நாய் திடீரென்று இப்படிச் செய்தால் அப்படித்தான் தோன்றும். அடுத்த நாள் அதட்டல், அதற்கடுத்த நாள் பிரம்பு, பிறகு வெளியே சங்கிலி. சில வீடுகளில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அடிப்பதைவிடக் கொடுமை இதுதான். அடி வலித்து அடங்கும். தண்ணீர் கிடைக்காத கிழட்டு நாய் ஒரே ராத்திரியில் மோசமாகிவிடும்.

அது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீரகம் தேயத் தொடங்கிய நாய்க்குச் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் போய்விடுகிறது. உடம்பில் இருக்கும் தண்ணீர் வெளுத்த நீராக வெளியே போய்க்கொண்டே இருக்கும், அதை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. குடிப்பதால் போகவில்லை, போவதால் குடிக்கிறது. சட்டியை எடுத்துவிட்டாலும் போவது நிற்காது, உள்ளே வறண்டு இரத்தத்தில் கழிவு ஏறும். கால்நடை மருத்துவப் பாடநூல்கள் ஒரு கணக்குச் சொல்கின்றன. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் குறையும். ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகுதான் இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும். அப்படியானால் ராத்திரி நனையும் தரை சில நாய்களில் இரத்தப் பரிசோதனைக்கும் முன்னால் வரும் சேதி. அந்தச் சேதியை மோப்பு போட்டுத் துடைத்துவிட்டு மறந்துவிடுவதுதான் இங்கே நடக்கிறது.

காரணம் சிறுநீரகம் மட்டும்தானா என்றால் இல்லை. அதனால்தான் டாக்டரிடம் போவதற்கு முன்னால் இரண்டு மூன்று ராத்திரி கவனித்துப் பார்ப்பது மருந்தைவிட முக்கியம். "வீட்டுக்குள்ள மூத்திரம் போகுது" என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டராலும் எதுவும் செய்ய முடியாது. நாய் உறங்கும்போது போகிறதா, எழுந்து போய்ப் போகிறதா? குளம் மாதிரி நிற்கிறதா, சொட்டுச் சொட்டாக இருக்கிறதா? வாசல் கதவுவரை வந்து திறக்க ஆளில்லாமல் அங்கேயே போனதா, சாமி படத்துக்கு முன்னால் நின்று எதுவும் தெரியாமல் போனதா? ஒவ்வொன்றுக்கும் வேறு நோய், வேறு மருந்து.

படுக்கையில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை மடித்துப் போடுங்கள். காலையில் நாய் எழுந்ததும் அதன் பின்பக்கம் படுத்த இடத்தில் மட்டும் வட்டமாக ஈரம் இருந்து, நாய் அதை அறியாமலே வாலை ஆட்டிக்கொண்டு வந்தால், அது உறக்கத்தில் கசிந்தது. கருத்தடை அறுவை செய்த பெட்டை நாய்களிடம் இது அதிகம். ஹார்மோன் குறைந்து சிறுநீர்க் குழாயின் வாய் தளர்ந்துபோவதால் வருகிறது. அறுவை முடிந்து பல வருஷம் கழித்தும் வரலாம். மாத்திரையால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். இதைச் சொன்னால் கருத்தடை வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கருத்தடை செய்யாத வயதான பெட்டையிடம் வேறொரு ஆபத்து இருக்கிறது. இணைசேரும் பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டும். தாகம் கூடும், தரை நனையும், சாப்பாடு இறங்காது, சில சமயம் நாற்றத்தோடு ஒழுக்கு இருக்கும், சில சமயம் எதுவுமே வெளியே தெரியாது. அது ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத அவசரம். காயடிக்காத கிழட்டுக் கடுவனுக்கு புராஸ்டேட் வீங்கி, சொட்டுச் சொட்டாகப் போவதும் மலம் கழிக்க முக்குவதும் உண்டு.

குளம் மாதிரி நின்றால் தண்ணீரை அளக்க வேண்டும். இதற்கு ஒரு லிட்டர் பாட்டில் போதும். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரம் மிச்சத்தை அளந்து கழித்தால் கணக்கு வந்துவிடும். நல்ல நாய் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50, 60 மில்லி குடிக்கும். வெயில் காலத்தில் கொஞ்சம் கூடும். 100 மில்லியைத் தாண்டினால் உடம்பில் ஏதோ இருக்கிறது. பத்துக் கிலோ எடையுள்ள நாய் தினமும் ஒரு லிட்டருக்குமேல் குடிக்கிறது என்றால் அது சர்க்கரையாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம், வயிறு தொங்கி முடி உதிரும் குஷிங் நோயாக இருக்கலாம். முற்றத்தில் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் பெரியவர்கள் சர்க்கரை என்று சொல்வார்களே, நாய்க்கும் அது பொருந்தும். ஆனால் எறும்பு வரவில்லை என்பதால் சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது. வீட்டில் அப்பச்சனுக்கு வாங்கிய குளுக்கோமீட்டரில் நாயின் இரத்தத்தைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மனிதருக்கான கருவி நாயின் சர்க்கரையைக் குறைத்துக் காட்டும் வழக்கமுண்டு. அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

வீட்டிலேயே இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கும். மழைக்காலத்தில் நாய்க்குச் சொறி வராத வீடு இந்தப் பக்கம் குறைவு. அதற்கு எழுதிக் கொடுத்த பிரெட்னிசோலோன் மாத்திரை தாகத்தையும் சிறுநீரையும் கூட்டிவிடும். இதய நோய்க்குக் கொடுக்கும் ஃபுரோஸெமைடும் அப்படித்தான். நாய் ஒரு தவறும் செய்யவில்லை, மாத்திரைதான் செய்கிறது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம் கேட்டுத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். காலையிலேயே கொடுக்கலாமா என்றும் கேளுங்கள்.

இனி தரைக்கு வருவோம். இந்த ஊர்களில் வயதான நாய் ராத்திரி வெளியே போகாததற்குப் பாதிக் காரணம் தரைதான் என்று சொல்வேன். பழைய சிமெண்டுத் தரையில் நகம் ஊன்றும். டைல்ஸில் ஊன்றாது. மூட்டு தேய்ந்த நாய் எழும்போது முன்கால் இரண்டும் அகன்று வழுக்கும், பின்கால் கீழே மடியும். இரண்டு முறை வழுக்கி விழுந்த நாய் மூன்றாம் முறை எழுந்திருக்க யோசிக்கும். மூத்திரம் முட்டும்வரை படுத்திருக்கும். அதற்குப் பிறகு வாசல்வரை போக நேரமிருக்காது. வீட்டுக்காரர் பார்ப்பது கடைசியில் நிற்கும் ஈரத்தை மட்டும். தலைமாட்டிலிருந்து வாசல்வரைக்கும் ரப்பர் அடி வைத்த கயிற்றுப் பாயை வரிசையாக விரித்துவிட்டால், மருந்தே இல்லாமல் பாதி ராத்திரிகள் உலர்ந்துவிடும். பாதத்துக்கு அடியில் வளர்ந்த முடியை வெட்டி, நகத்தையும் குறைக்க வேண்டும். வாசல் படி உயரமாக இருந்தால் பலகையைச் சரித்து வைத்து அதன்மேல் சாக்கைக் கட்டுங்கள்.

எழ முடியாத நாய்க்குத் துவர்த்து போதும். நீளவாக்கில் நாலாக மடித்து, பின்கால்களுக்குச் சற்று முன்னால் அடிவயிற்றின் கீழே கொடுத்து, இரண்டு நுனியையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடியுங்கள். தூக்கக் கூடாது, பாரத்தில் கொஞ்சத்தைத் தாங்கினால் போதும். முன்கால் தானே நடக்கும், பின்கால் அதன்பின் வரும். முற்றத்தில் நின்றதும் துணியைக் கொஞ்சம் பின்னால் தளர்த்தினால் நாய் குந்தும். வேலை முடிந்த பிறகும் உடனே இழுக்காமல் ஒரு நிமிடம் விடுங்கள். வயதான நாய் ஒரே தடவையில் முழுவதையும் விடாது.

மூட்டு வலி என்று தெரிந்ததும் வீட்டிலிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது இங்கே சாதாரணம். பாரசிட்டமால், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் நாயைக் கொல்லக்கூடியவை. சிறுநீரகம் ஏற்கெனவே தேய்ந்த நாய்க்கு இன்னும் வேகமாக. நாய்க்கென்று வலி மருந்து இருக்கிறது, எடை பார்த்து எழுதித் தருவார்கள்.

கூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பி போட்ட இரும்புக் கூட்டில் ராத்திரி ஒன்பதுக்கு அடைத்துக் காலை ஆறுக்குத் திறக்கும் வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. இளம் நாய் ஒன்பது மணி நேரம் தாங்கும். சிறுநீரகமோ சர்க்கரையோ உள்ள கிழட்டு நாயால் முடியாது. அது கூட்டுக்குள்ளேயே போய், அதே சிமெண்டு ஈரத்தில் படுத்திருக்கும். முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் புண் வரும். வயிற்றடித் தோல் மூத்திரம் பட்டு வெந்துபோகும். இடவப்பாதி மழையில் மாதக்கணக்கில் எதுவும் காயாத நேரத்தில் அந்த ஈர முடியில் ஈ முட்டையிட்டால் சீக்கிரமே புழு வைத்துவிடும். இப்படிப்பட்ட நாயைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கிழட்டு நாயைக் கூட்டில் அடைப்பதை நிறுத்துங்கள். வராந்தாவின் ஒரு மூலை போதும். பின்பக்க முடியைக் குட்டையாகக் கத்தரித்து, காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துவர்த்தால் ஒற்றி உலர்த்துங்கள்.

சாப்பாட்டு நேரத்தை மாற்றினாலே குறைகிற வீடுகளும் உண்டு. வீட்டார் சாப்பிட்டு முடித்து ஒன்பதரைக்குக் கஞ்சியும் மீன் குழம்பும், சில நாள் கருவாடும் மரச்சீனியும் கலந்து போடுகிறார்கள். கஞ்சியில் தண்ணீர், கருவாட்டில் உப்பு. இரண்டும் சேர்ந்து ராத்திரி இரண்டு மணிக்குத் தரையில் நிற்கும். சாயங்காலம் ஐந்தரை ஆறுக்கே உப்பில்லாத சாப்பாட்டைக் கெட்டியாகக் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். படுக்கப் போகும்முன் பத்தரைக்கு ஒருமுறை வெளியே விடுங்கள், நடுராத்திரி ஒருமுறை அலாரம் வைத்து எழுப்புங்கள். எழுந்தால் முதலில் டார்ச், பிறகு செருப்பு. ரப்பர்ச் சருகுக்குள்ளும் தென்னை மடலுக்கு அடியிலும் கண்ணாடிவிரியன் கிடக்கும். கண் மங்கிய நாய் நேராக அதன்மேல் கால் வைக்கும், பின்னாலேயே நீங்களும். வீட்டு வாசலை ஒட்டி ஒரு பல்பு எரியட்டும், நடக்கும் வழி பெருக்கியிருக்கட்டும். மழை கொட்டினால் வெளியே போகவே வேண்டாம். பழைய தட்டில் தென்னை நார்த்தூளைப் பரப்பி வராந்தாவில் வைத்தால் மூத்திரத்தை நன்றாக உறிஞ்சும், காலையில் வாழை மூட்டில் கொட்டிவிடலாம்.

அலாரம் வைத்து எழ முடியாதவர்களும் இருக்கிறார்கள். எழுபத்தைந்து வயது அம்மைக்கு நடுராத்திரி எழுவதே ஆபத்து. நனைந்த டைல்ஸில் இருட்டில் கால் வைத்து இடுப்பெலும்பு உடைந்தால் வீட்டில் இரண்டு பேர் படுக்கையாகிவிடுவார்கள். நாயின் ராத்திரி ஈரத்தை நாயின் பிரச்சினை மட்டும் என்று யாரும் எண்ணக் கூடாது. கட்டிலிலிருந்து குளிமுறிவரை போகும் வழியில் நாய் படுக்காமல் பார்த்துக்கொள்வதும், அங்கே ஒரு சிறு விளக்கு எரிவதும் இரு தரப்புக்கும் தேவை.

வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதில் இந்த ஊர்களுக்குப் பழக்கம் உண்டு. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பராமரிப்பு இயக்கம், பிறகு பஞ்சாயத்து பஞ்சாயத்தாகப் பரவியது. 2003-ல் பாலியம் இந்தியா என்ற அமைப்பு வந்தது. 2008-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கேரள அரசு இதற்கென்று கொள்கை வகுத்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பச்சனை எப்படிப் புரட்டுவது, புண் வராமல் எப்படிப் பார்ப்பது, அடியில் என்ன விரிப்பது என்று வீட்டுக்கு வந்த நர்ஸ்மார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதே அண்டர்பேட் நாய்க்கும் ஆகும், நெய்யாற்றின்கரையில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். கீழே ரெக்சின் உறை, அதன்மேல் அண்டர்பேட், மேலே பழைய வேட்டி. மூன்றில் மேலிரண்டை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு மூன்று மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். குழந்தை டயப்பரில் வாலுக்கு ஓட்டை போட்டுக் கட்டலாம். ஆனால் ராத்திரி முழுவதும் விட்டால் தோல் வெந்துவிடும். டயப்பர் தரையைக் காப்பாற்றும், நாயைக் காப்பாற்றாது.

சுத்தம் செய்வதில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, எலிப்பனி என்கிற எலிக்காய்ச்சல். கேரளத்தில் ஆண்டுதோறும் வரும் நோய் இது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு வீடுவீடாக டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நோய் பிடித்த நாயின் மூத்திரத்திலும் அந்தக் கிருமி வரும், காலில் கையில் இருக்கும் வெடிப்பு வழியே உள்ளே போகும். நாய்க்கு ஆண்டுத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். துடைக்கும்போது கையுறையும் செருப்பும் வேண்டும். இரண்டாவது, ஃபினாயில். வாசனைக்காகத் தாராளமாக ஊற்றுவோம். அது நாயின் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின்மேல் நேராகப் போட்டால் கிளம்பும் காற்று நெஞ்சை அடைக்கும். முதலில் காகிதத்தால் ஒற்றி எடுத்து, தண்ணீரில் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் துடைப்பது போதும். வாடை போகவில்லை என்றால் வளர்ப்புப் பிராணிக் கடையில் என்சைம் கலந்த திரவம் கேட்டு வாங்குங்கள். வாடை மிஞ்சினால் நாய் அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

சில நாய்களுக்கு உடம்பில் எந்தக் குறையும் இருக்காது. மூளை தளர்ந்திருக்கும். கதவின் கீல் பக்கம் நின்று திறக்கக் காத்திருக்கும், சுவரை வெறித்துப் பார்க்கும், நடுராத்திரி காரணமில்லாமல் குரைக்கும், வெளியே போய்விட்டு உள்ளே வந்து போகும். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் செய்து 2001-ல் வெளியான ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இந்தக் குறிகளில் ஒன்றாவது இருந்தது. பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுக்கும் செலிஜிலின் மருந்தை நாய்களின் இந்த மறதிக்குக் கொடுக்க அமெரிக்கா 1998-லேயே அனுமதித்தது. இங்கேயும் டாக்டரிடம் கேட்கலாம். காலை வெயிலில் கொஞ்ச நேரம் நடத்துவதும், பகலில் அதிகம் உறங்க விடாமல் பேச்சுக் கொடுப்பதும் ராத்திரி உறக்கத்தைத் திருப்பித் தரும். தேங்காய் எண்ணெய் கொடுத்தால் நினைவு வரும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. வயதான பீகிள் நாய்களுக்கு உதவியது பிரித்தெடுத்த நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்த்த தீவனம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், அது வேறு. கரண்டி கரண்டியாக ஊற்றினால் வயிற்றோட்டமும் கணைய வீக்கமும்தான் மிஞ்சும்.

இதற்கெல்லாம் பொறுமையில்லாத சிலர் நாயை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சந்தைப் பக்கமோ ரோட்டோரமோ இறக்கிவிட்டு வருகிறார்கள். 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும் நிலையில் விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. இந்தத் தொகை வெட்கக்கேடு. அதே கேரளத்தில் திருச்சூர் ராமவர்மபுரம் போலீஸ் அகாடமியில் ஓய்வு பெற்ற போலீஸ் நாய்களுக்காக 2019-ல் 'விஸ்ராந்தி' என்று ஒரு இல்லம் திறந்தார்கள். வேலை செய்த நாய்க்கு முதுமையில் இடம் தர வேண்டும் என்று போலீஸ் துறை நினைத்தது சரியான நினைப்பு. வீட்டுக் காவல் காத்த நாய் செய்ததும் வேலைதான்.

கருணைக்கொலை பற்றி டாக்டர் பேசும் கட்டம் சில வீடுகளில் வரும். அப்போது பார்க்க வேண்டியது நாய் சாப்பிடுகிறதா, வலியில்லாமல் படுக்கிறதா, அழைத்தால் முகம் திருப்புகிறதா என்பவற்றைத்தான். ராத்திரி நனைப்பது ஒன்றை மட்டும் வைத்து அந்த முடிவுக்குப் போகக் கூடாது.

பஞ்சாயத்துதோறும் அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது. அங்கே முடியாததற்குத் திருவனந்தபுரம் குடப்பனக்குன்னில் பல்துறைக் கால்நடை மருத்துவமனை, தமிழ்நாட்டுப் பக்கம் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி. போகும்போது ராத்திரிக் கவனித்ததையும் தண்ணீர்க் கணக்கையும் ஒரு தாளில் எழுதி, கொடுக்கும் மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கள். காலையில் போகும் முதல் மூத்திரத்தை, நாய் குந்தும்போது நீளக் காம்புள்ள கரண்டியைப் பின்னாலிருந்து மெல்ல நீட்டிப் பிடியுங்கள். மருந்துக் கடையில் விற்கும் மூடி போட்ட டப்பாவில் ஊற்றி, நேரத்தை எழுதி ஒட்டி, வெயில் படாமல் அன்று காலையே மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள்.